கீழே நாலு, மேலே நாலு

காயிலக்காவுக்குக் கோபம் ஏறினால் மரியாதையும் சேர்ந்து ஏறும். சாதாரண நாளில் புருஷனை "என்னங்க, இங்க வாங்க" என்று கூப்பிடுகிறவள், கோபம் வந்துவிட்டால் "ஐயா கொஞ்சம் திரும்பலாமா, ஐயாவுக்கு நேரம் இருக்கா" என்பாள். அந்த "ஐயா" காதில் விழுந்ததும் எதிர் வீட்டு டிரைவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார், ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாதே என்று. அந்த வாரம் முழுக்க மூன்றாம் மாடியில் ஐயா ஐயாதான்.

அவள்மேல் தப்புச் சொல்ல முடியாது. வீடுகளுக்கு ஒயரிங் செய்கிற அவள் புருஷன் ஒயர்மேனுக்கு நுரையீரல் போய்விட்டது. வருஷக்கணக்கில் சுவரைக் கொத்திய தூசி பாதி, ஊதித் தள்ளிய சிகரெட் பாதி. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, ஊசி போட்டு, கடைசியில் "இனிமே வீட்டுலயே ஆக்சிஜன் மெஷின் வெச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சிலிண்டர் இல்லை அது. கரண்டில் ஓடுகிற பெட்டி. அறையில் இருக்கும் காற்றையே இழுத்துச் சலித்து மூக்குக் குழாயில் விடும். கரண்ட் சரியாக வந்தால் அது பாட்டுக்கு ஓடும். கரண்ட் இறங்கினால் கீச்கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோகும். இந்த வீட்டில் ஏசி ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் அது கத்தியது. அது நின்ற கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவர் உதடு கறுக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியவள் அவள்.

மெஷின் கம்பெனி ஆள் வந்து மேலும் கீழும் பார்த்தான். "மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. உங்க வீட்டு லைன்லதான் எங்கயோ கரண்ட் இறங்குது. நல்ல எலக்ட்ரீஷியனா ஒருத்தரைக் கூப்பிட்டு, மீட்டர்லேருந்து வர்ற மெயின் ஒயர் சைஸ் சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல எலக்ட்ரீஷியன் மூக்கில் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா ஐயா?"

"அவனுக்கு என்ன தெரியும். மெஷின் மட்டமான மெஷின்."

"மெயின் பெட்டியைத் திறந்து பாக்கச் சொல்லி ஆள் கூப்பிடவா?"

"என் வீட்டுப் பெட்டியை எவனும் திறக்க வேண்டாம். எனக்கு உடம்பு தேறட்டும், நானே பாத்துக்கறேன்."

உடம்பு தேறட்டுமாம். மெஷின் ஓடினால்தான் உடம்பு தேறும், உடம்பு தேறினால்தான் மெஷின் ஓட வழி பண்ணுவாராம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவள் என்ன விவரம் தெரியாதவளா?

மோட்டார் காயில் கட்டும் கடையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறாள். எரிந்துபோன பம்பு, மின்விசிறி, மாவு மில் மோட்டார் எல்லாம் அங்கே வரும். கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்து, பழைய சுற்று எத்தனை என்று எண்ணி, அதே பருமனில் புதுக்கம்பி சுற்றி, காடியில் திணித்து, கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். கம்பியின் பருமனைப் பார்க்க மற்றவர்கள் கேஜைத் தேடும்போது அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு உருட்டு உருட்டிச் சொல்லிவிடுவாள். கம்பி ஒரு நூல் இளைத்தாலும் மோட்டார் ஒரு கோடை தாங்காது என்பது அவளுக்கு அத்துப்படி. மெல்லிசுக் கம்பி போட்டு ஒப்பேற்றச் சொன்ன ஒரு முதலாளியின் மேஜையில் கத்தரியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் அவள். இரண்டாம் நாள் அந்த ஆளே வீடு தேடி வந்து கூப்பிட்டுக்கொண்டு போனான்.

ஒயர்மேனும் அந்த விஷயத்தில் சளைத்தவர் இல்லை. எரிந்த பம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தவர்தான் அவர். "இது மோட்டார் தப்பு இல்ல. எவனோ ரெண்டரை ஸ்கொயர் போட வேண்டிய இடத்துல ஒண்ணு போட்டிருக்கான்," என்று வந்ததும் வராததுமாகத் திட்டினார். ஸ்கொயர் என்பது ஒயருக்குள் இருக்கும் செம்பின் பருமன். எண் கூடினால் செம்பு கூடும், செம்பு கூடினால் கரண்ட் நெருக்கடி இல்லாமல் போகும். முகம் தெரியாத ஒருத்தனை அவர் திட்டிய திட்டில் அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கோபம் உள்ள இடத்தில்தான் நேர்மை இருக்கும் என்று அப்போது நம்பினாள். வயசு அப்படி.

ஊரார் வீட்டில் அவர் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. எத்தனை விளக்கு, எத்தனை விசிறி, நாளைக்கு ஏசி வருமா, ஹீட்டர் வருமா என்று கேட்டுக் கூட்டிப் பார்த்த பிறகுதான் ஒயர் வாங்கச் சொல்லுவார். வீட்டுக்காரன் "நாலு போதுமே" என்று இழுத்தால், "அப்ப வேற ஆளைப் பாருங்க" என்று பையைத் தூக்கிவிடுவார். அதே மனுஷன் தன் வீட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு வேலையிலும் மிஞ்சிய துண்டு ஒயரைச் சுருட்டி வைத்து, அந்தத் துண்டுகளைக் கொண்டே மொத்த வீட்டையும் ஒப்பேற்றினார். சமையலறையில் மஞ்சள், ஹாலில் நீலம், படுக்கையறையில் பாதி பச்சை. "எல்லாம் நல்ல கம்பெனி ஒயர்டி, கலர்தான் வேற," என்றார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப்பானையில் துள்ளி விழுந்ததாம்.

அந்தக் கலர் விவகாரத்தை அவள் அப்போது பெரிதுபடுத்தவில்லை. கொழுந்தன் வீட்டு ஒற்றை அறையில் மாசத்தைத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அவள்தான் இரவும் பகலும் பிடுங்கி எடுத்தாள். வயிற்றில் பிள்ளை வேறு. துண்டோ துணுக்கோ, விளக்கு எரிந்தால் போதும் என்று குடிவந்தார்கள்.

இப்போது அப்படி விட முடியுமா? மெஷின் கத்த ஆரம்பித்த பிறகு அவளுக்கு இன்னொரு சந்தேகமும் வந்திருந்தது. வேலை முடிந்து மாடி ஏறும்போது இரண்டாம் மாடி திருப்பத்தில் ஒரு வாசனை. லேசாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. மற்றவர்கள் மூக்குக்கு அது சுண்ணாம்பு வாசனையாகப் பட்டிருக்கும். எரிந்த காயிலோடு ஆயுசைக் கழித்தவள் மூக்கு ஏமாறுமா? சுட்ட பிளாஸ்டிக் அது. வீட்டுக்குள் வந்து சுவர் சுவராக முகர்ந்து பார்த்தாள், ஒன்றும் இல்லை. அதை ஒயர்மேனிடம் சொன்னதும் அவர் முகம் மாறியது. "யாராவது குப்பையைக் கொளுத்தியிருப்பாங்க," என்றார். மாடிப்படியில் யார் குப்பை கொளுத்துவார்கள்?

மறுநாள் மெஷின் நின்றபோது அவர் கண் சொருகிவிட்டது. ஏசியை அணைத்து, மெஷினை மறுபடி ஓடவிட்டு, அவர் மூச்சு திரும்பும்வரை முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். திரும்பியதும் தடவிய அதே கையால் தோளில் ஒரு இடி இடித்தாள்.

"ஐயாவுக்குச் சாகணும்னா சொல்லிட்டுச் சாகலாம். இப்படிப் பெட்டியைப் பூட்டி வெச்சுக்கிட்டு என் கண் முன்னால துடிக்க வேணாம். நான் ஆள் கூப்பிடப் போறேன்."

"யாரை?"

"டெஸ்டரை."

டெஸ்டர் என்பது பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டே குளிப்பான் என்று கிண்டல் பண்ணுவார்கள். அதில் வந்த பேர். அவனும் ஒயர்மேனும் ஒரே தெருவில் எதிரெதிராக நடந்தாலும் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டு போவார்கள். விஷயம் இதுதான். ஒரு பெரிய வீட்டில் டெஸ்டர் செய்த வேலையைச் சரிபார்க்க ஒயர்மேனைக் கூப்பிட்டார்கள். சுவருக்குள் ஓடும் பைப்பின் நடுவில் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்ததை அவர் கண்டுபிடித்தார். சுவருக்குள் ஒயர் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும், நடுவில் ஜாயிண்ட் கூடவே கூடாது; இது அந்தத் தொழிலின் பால பாடம். வீட்டுக்காரன், கொத்தனார், பெயின்டர் எல்லார் முன்னாலும் அந்தத் துண்டை வெட்டி டெஸ்டர் காலடியில் போட்டார். "சுவத்துக்குள்ள ஜாயிண்ட் போடறவன் ஒயர்மேன் இல்லடா, கொலைகாரன்." அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு டெஸ்டருக்கு அந்தப் பக்கம் வேலையே கிடைக்கவில்லை.

அவனைப் போய்க் கூப்பிடுவது லேசான காரியமா? போனாள். வாசலில் நின்று, "தம்பி, பழசையெல்லாம் ஒரு பக்கம் வெச்சுட்டு வாங்க. உங்க அண்ணன் மெஷின்ல இருக்காரு," என்றாள். அவன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வேலை நடக்கும்போது கரண்டை நிறுத்த வேண்டி வரும், மெஷினும் ஓட வேண்டும். எதிர் வீட்டு டிரைவருக்குத் தனி மீட்டர். அவர் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து மெஷினுக்குக் கொடுத்தார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள மகளும் இடுப்பில் பிள்ளையோடு வந்திருந்தாள். மூன்று தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தது அவளை.

டெஸ்டர் உள்ளே வந்து, "என்னண்ணே, எப்படி இருக்கீங்க," என்றான். ஒயர்மேன் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் விசாரிப்பு. கீழே போய் மீட்டர் பலகையைப் பார்த்துவிட்டு மேலே வந்தான். ஹாலில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்தான். டார்ச் அடித்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் திருகிப் பார்த்தான்.

"அண்ணி, வீட்டுல என்னென்ன ஓடுது? சொல்லுங்க."

அவள் ஒப்பித்தாள். ஏசி, ஹீட்டர், ஃபிரிட்ஜ், துணி மெஷின், அயர்ன் பாக்ஸ், விளக்கு, விசிறி, இப்போது இந்த ஆக்சிஜன் மெஷின். அவன் உதட்டுக்குள் கூட்டினான்.

"எல்லாம் ஒரே நேரத்துல போட்டாலும் இருபது ஆம்பியர், இருபத்திரண்டு ஆம்பியர். கீழ மீட்டர்கிட்ட நாலு ஸ்கொயர் செம்பு. மேல பெட்டியிலயும் நாலு. இந்த லோடை அது தாங்கும். நியூட்ரல் ஸ்க்ரூ ஒண்ணு லூஸா இருந்துச்சு, முறுக்கிட்டேன். அதுதான் மெஷினைக் கத்த விட்டிருக்கும். ஒரே ஒரு விஷயம்ணே," என்று நாற்காலிப் பக்கம் திரும்பினான், "நாலு ஸ்கொயருக்கு நாப்பது ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் ஏன் போட்டீங்க? ஒயர் தாங்கறதை விட எம்.சி.பி. கம்மியா இருந்தாத்தானே ஒயர் சுடறதுக்கு முன்னால அது விழும்? பெருசாப் போட்டா எம்.சி.பி. சும்மா இருக்கும், ஒயர்தான் எரியும். இருபத்தஞ்சு போடறேன்."

காயிலக்காவுக்கு அவமானமாகிவிட்டது. ஒரு லூஸ் ஸ்க்ரூவுக்காகவா இவ்வளவு ரகளை? ஊரைக் கூட்டி, ஆகாதவனை வீட்டுக்குள் விட்டு, அவன் வாயால் "ஒயர் சரியாத்தான் இருக்கு" என்று கேட்க வேண்டியதாயிற்று. இனி இந்த மனுஷன் சும்மா இருப்பாரா? பார்த்தியா, நான் என்ன சொன்னேன் என்று சாகும்வரை சொல்லிக் காட்டுவாரே.

ஆனால் அவர் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. வாழ்நாளில் ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்தால் அதை ஒரு வருஷத்துக்கு வைத்துச் சாப்பிடுகிற ஆள், இப்போது ஜெயித்த இடத்தில் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை. டெஸ்டர் பெட்டியின் மூடியை எடுத்துப் பொருத்தப் போனான்.

"மூடாத," என்றார் ஒயர்மேன்.

சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. மகள்தான் அதைக் கேட்டு, "இருங்க, அப்பா ஏதோ சொல்றார்," என்றாள்.

"கீழ நாலு. மேல நாலு." மூச்சு வாங்கினார். "நடுவுல கறுப்பு ஒயர் ரெண்டரை. ரெண்டாம் மாடித் திருப்பத்துல ஒரு பெட்டி இருக்கு. மேல பூசி பெயிண்ட் அடிச்சிருக்கேன். அதுக்குள்ள ரெண்டு ஜாயிண்ட்."

கறுப்பு ஒயர் என்றால் நியூட்ரல். சிவப்பில் போகிற கரண்ட் அத்தனையும் கறுப்பு வழியாகத்தான் திரும்ப வேண்டும். போகிற பாதை அகலம், வருகிற பாதை ஒற்றையடி. டெஸ்டர் மூடியைக் கீழே வைத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் முகம் சிவந்துபோயிருந்தது.

"அன்னிக்கு என் காலடியில தூக்கிப் போட்டீங்களே. அப்ப உங்க வீட்டுச் சுவத்துக்குள்ள இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இருந்துச்சுன்னு சொல்றீங்க. வாய் கூசலையாண்ணே உங்களுக்கு? எனக்குப் புள்ளைக்குப் பால் வாங்கக் கதி இல்லாம ஆக்கினீங்க. நான் செஞ்சது தப்புதான், திட்டினீங்க, வாங்கிக்கிட்டேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நான் ஒரு ஜாயிண்ட் சுவத்துக்குள்ள போட்டதில்ல. நீங்க திட்டின திட்டை நான் நம்பினேன்."

காயிலக்கா சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

டெஸ்டர் ஓடிவந்து கீழே மெயினை அணைத்தபிறகுதான் அவளைச் சுவரில் கை வைக்கவிட்டான். தட்டிப் பார்த்ததில் ஒரு இடம் பொள்ளென்று சத்தம் கொடுத்தது. அவளே அடித்தாள். மூன்றாவது அடியில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே தகரப் பெட்டி. டேப் உருகி, வழிந்து, திரும்ப இறுகி, கரியாகியிருந்தது. டெஸ்டர் அதை வெட்டி எடுத்து அவள் கையில் கொடுத்தான். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நேற்று எரிந்த கம்பி எப்படி இருக்கும், வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வெந்த கம்பி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நகத்தால் கீறினாள். செம்பு செம்பாக இல்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. இந்தப் படியில் அவள் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். மழை நாளில் நனைந்த துணியை இந்தச் சுவர் ஓரமாகத்தான் காயப்போட்டிருக்கிறாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாவி இல்லாத நாளெல்லாம், இந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

மேலே வந்து அதை அவர் மடியில் போட்டாள்.

"ஐயாவோட கைவேலை. பாத்துக்குங்க."

"குடிவர்ற அன்னிக்கு ஒயர் பத்தலடி. கறுப்பு மட்டும் குறைஞ்சுது. கடை மூடியிருந்தது. நீ இன்னிக்கே வந்தாகணும்னு நின்ன."

"ஓ. தப்பு என் மேலயா?"

"சொல்லல. அப்படிச் சொல்லல." குழாயைச் சரிசெய்துகொண்டார். "அடுத்த வாரம் மாத்திக்கலாம்னு நினைச்சேன். வெளியாள் வீடுன்னா நான் திரும்பிப் போக முடியாது. முடிச்சுட்டு வந்தா வந்ததுதான். அதனால அங்க சரியாச் செய்வேன். நம்ம வீடுன்னா எப்ப வேணா கழட்டி மாத்தலாம்ல. நம்ம வீடுதானே."

"நம்ம வீடுதானே," என்று அவள் திருப்பிச் சொன்னாள். "ஊரான் வீடு எரியக் கூடாது, நம்ம வீடுதானே, எரியட்டும். அதானே உங்க கணக்கு? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க சுவத்துல மறைச்சு பெயிண்டும் அடிச்சீங்க. நெடி வருதுன்னு சொன்னேனே, அப்பவாவது வாயைத் திறந்தீங்களா? குப்பை கொளுத்தறாங்கன்னு சொன்னீங்க. மூச்சு நின்னு கண்ணு சொருகினப்பவும் பெட்டியைத் திறக்காதன்னீங்க. உங்க உசுரை விட உங்க பேரு பெருசாப் போச்சு."

"இப்பச் சொன்னேன்ல. அவன் மூடிட்டுப் போயிருப்பான்."

"அதுக்கு மாலை போடணுமா?"

டெஸ்டர் தொண்டையைச் செருமினான். சண்டையை நிறுத்தத்தான். "ஆறு ஸ்கொயர் இழுத்துடறேன் அண்ணி. மீட்டர்லேருந்து பெட்டி வரைக்கும் ஒரே ஓட்டம். சிவப்பு, கறுப்பு ரெண்டும் ஒரே சைஸ்."

"பத்து போடுங்க."

"பத்து இந்தப் பைப்புல நுழையாது. தேவையும் இல்ல."

"ஆறு போதும்," என்றார் ஒயர்மேன். "எம்.சி.பி. முப்பத்திரண்டுக்கு மேல போகாத. எர்த்தும் புதுசா இழு."

தொழிலைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. அதைக் கண்டு அவளுக்கு இன்னும் எரிந்தது. எது சரி என்று இந்த ஆளுக்கு எப்போதும் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டுச் சமாதானமாகிவிடலாம்.

மகள் இடுப்பில் இருந்த பிள்ளை அவள் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதன் கையை விலக்கிவிட்டு, அப்பா நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, எங்க வீட்டுல?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மகள் வீட்டு ஒயரிங் முழுக்க அவர் செய்ததுதான். மருமகன் ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றபோது, "என் மகள் வீட்டுல இன்னொருத்தன் கை வைக்கறதா" என்று சண்டை போட்டு, கூலி வாங்காமல் செய்துகொடுத்தார். அதைச் சொல்லிச் சொல்லி மகள் பெருமைப்படாத இடமில்லை.

"அப்பா, உங்களைத்தான் கேக்கறேன். எங்க வீடும் நம்ம வீடுதானா?"

மெஷின் காற்றை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. டெஸ்டர் பையின் ஜிப்பைப் பிடித்தபடி நின்றான். கடைசியில் ஒயர்மேன் மடியில் கிடந்த கரித்துண்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஹீட்டர் லைன்ல ஒண்ணு. பாத்ரூம் கதவுக்கு மேல, வலது பக்கம், ஒரு சாண் தள்ளி. படுக்கையறை ஏசிக்குப் போறதுல ஒண்ணு. அலமாரிக்குப் பின்னால."

"தொட்டில் அந்த அலமாரி பக்கத்துலதான் இருக்கு," என்றாள் மகள்.

அவர் தலையை ஆட்டினார். அது அவருக்குத் தெரியும். வாராவாரம் போய்ப் பேரனைத் தொட்டிலில் ஆட்டிவிட்டு வந்தவர் அவர்தான்.

காயிலக்கா அப்போது கத்தவில்லை. பேரனை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சாண் கணக்கா ஞாபகம் இருக்கு," என்றாள். "மறந்துட்டேன்னு சொன்னாக்கூட நான் விட்டிருப்பேன். ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு உனக்கு. ஞாபகம் வெச்சுக்கிட்டேதான் அங்க போய் அவனைத் தாலாட்டின."

அவரை அவள் "நீ" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஒயர்மேன் கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் மாமியார் துணி மெஷின் போட்டிருப்பார், ஹீட்டரும் போட்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டே போனில் கூப்பிட்டாள். "அத்தை, மெயினை அணைங்க. இப்பவே. காரணம் அப்புறம் சொல்றேன், முதல்ல அணைங்க," என்று பேசிக்கொண்டே படியில் இறங்கினாள்.

"தம்பி, நீங்க அவ கூடப் போங்க," என்றாள் காயிலக்கா. "இங்க அப்புறம் இழுத்துக்கலாம். நாங்க இருட்டுல இருந்துக்கறோம். டிரைவர் வீட்டுக் கரண்ட் இவருக்குப் போதும்."

டெஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசலில் நின்று, நாற்காலியில் இருந்தவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். திட்ட வந்தானோ, சொல்லிக்கொண்டு போக வந்தானோ, அப்படியே இறங்கிவிட்டான். காயிலக்கா பிள்ளையோடு படி வரைக்கும் வந்தாள். உடைத்த சுவரின் தூசி படியெல்லாம் கிடந்தது.

"தம்பி," என்று மேலிருந்து கூப்பிட்டாள். உள்ளே இருப்பவர் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள். "அவர் சொன்ன ரெண்டு இடத்தை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. எல்லா லைனையும் முழுசா வெளியே இழுத்துப் பாருங்க."

ஒரு ஒயர்மேனை அவன் வீட்டு வாசலில் வைத்து அதைவிடக் கேவலமாக யாரும் சொல்ல முடியாது. டெஸ்டருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. படியில் நின்று, அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று மேலே பார்த்தான்.

உள்ளேயிருந்து இருமல் வந்தது. இருமல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. அப்புறம் குரல் வந்தது.

"அவ சொல்றதுதான் சரி. முழுசா இழு."